கழட்டுக்கல்லு

வாங்க மேடம், வாங்க. செருப்ப அந்தக் கல்லு மேல கழட்டி உட்டுட்டு உள்ள வாங்க. அட, பூட்ஸுங்களா. கயிறு அவுக்கறது செரமந்தான். தப்பா நெனச்சுக்காதீங்க, உள்ள பூராவும் மிசினுங்க. ஆம்ளிஃபயருக்குள்ள தூசி போச்சுன்னா கரகரன்னு எரைய ஆரம்பிச்சுரும், பொறவு எந்தக் கோயிலுக்குக் கொண்டுபோயும் பாட வெக்க முடியாது. கலெக்டரே வந்தாலும் இங்க கழட்டித்தான் ஆவோணும். அம்பத்தஞ்சு வருசமா இந்தக் கடைக்கு அதொண்ணுதான் சட்டம்.

செரி, அங்கயே நின்னுக்கறேங்கறீங்க. நின்னுக்குங்க. கல்லு அகலமானதுதான், ரெண்டு பேரு தாராளமா நிக்கலாம். ஸ்டூலு ஒண்ணு எடுத்துப் போடட்டுங்களா? வேண்டாமா. போன்லயே ரெக்கார்டு பண்றீங்களா? அப்ப வாய்க்கு நேராப் புடிக்காதீங்க, மூச்சுக் காத்து அடிக்கும். ஒரு சாண் தள்ளி, ஓரமா. ஆமா, அப்படி. மைக் புடிக்கறது ஒரு வித்தைங்க, மந்திரிமாருக்கே பாதிப் பேருக்குத் தெரியறதில்ல.

எழுதிக்குங்க. பேரு வையாபுரி. வயசு எழுவத்தெட்டு. ஊரு இதே செம்மாம்பாளையம். தொழிலு மைக் செட்டு. ஸ்ரீமாகாளி சவுண்ட் சர்வீஸ், காதுகுத்துல இருந்து கட்சிக் கூட்டம் வரைக்கும். இப்ப என்ற பையன் கனகராசு பாத்துக்கறான். எல்.ஈ.டி. வால் போட்டிருக்கான், லட்சக்கணக்குல. எல்லாம் இந்தக் கடைய நம்பித்தான். இந்த முக்குல கடை இருக்கறதனாலதான் அவனுக்குப் பொழப்பு ஓடுது. அதையும் எழுதிக்குங்க. ஏன், அது தேவையில்லையா? எனக்குத் தேவைங்க.

உங்களுக்குச் சொந்த ஊரு எதுங்க? கரூர்ப் பக்கமா. கரூர்ல எந்த... இல்ல, சும்மாதான் கேட்டேன். நமக்கென்ன. மைக் செட்டுக்காரனுக்கு ஜாதியேதுங்க? அவிய கூப்புட்டாலும் போவேன், இவிய கூப்புட்டாலும் போவேன்.

இருங்க, போனு அடிக்குது. லோகு. பெரிய வீட்டுப் பேரன். அடிக்கட்டும், பொறவு பேசிக்கலாம்.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு ஊருக்கே தெரியும் மேடம். நஞ்சம்மா டீச்சர் அறுவத்தொம்பதுல பேசுன பேச்சு. அது பேசுன எடத்தை தேசிய நினைவிடம் ஆக்கப் போறீங்க. சந்தோசந்தான், நான் வேண்டாம்பேனா? எங்கூருப் பேரு டெல்லி வரைக்கும் போவட்டும். ஆனா எந்த எடம்? அங்கதான சிக்கலு. அன்னிக்கி எடுத்த போட்டோவுல இருக்கறது மைதானம். காலனிச்சனம் சொல்றது வேற எடம். ரெண்டுக்கும் நடுவால ஒரு சாட்சி வேணும், அதுக்கு நான். அன்னிக்கி அங்க இருந்ததுல காலனிக்காரனும் இல்லாம, பெரிய வீட்டு ஆளும் இல்லாம மிச்சமிருக்கற ஒரே உசுரு நாந்தான். நான் சொல்ற எடத்துல நீங்க கம்பி நட்டுருவீங்க. அப்படித்தான?

ரோட்டுக்கு அக்கட்ட பாருங்க. டீக்கடைகிட்ட உங்க அளவு டேப்பு புடிக்கற பசங்க நிக்கறாங்க. அவங்களச் சுத்தி காலனிச்சனம் பூரா நிக்குது. காலையில இருந்து நிக்குது. என்ற கடையவே பாத்துட்டு நிக்கறாங்க. எனக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க, உள்ளதச் சொல்றேன். முன்னால தடி ஊணிட்டு நிக்கறானே, நீலத் துண்டு, அவன் மாரப்பன். என்ற சோட்டுக்காரன். நேத்து அவன விசாரிச்சீங்களாமா. என்ன சொன்னான்?

செரி செரி, சொல்லப்படாதுன்னா வேண்டாம். அவன் சொன்னது எனக்குத் தெரியாதா? டீச்சர் மைதானத்துல நாலு வார்த்தைதான் பேசுச்சு, பேச்சு பூராவும் பெரிய வீதி முக்குல, கழட்டுக்கல்லு மேல ஏறி நின்னு பேசுனதுன்னு சொல்லியிருப்பான். அந்தக் கல்லுக்கு ஒரு மூலையில வண்டி அச்சு இடிச்சுத் தெறிச்ச மூளி இருக்கும்னுகூடச் சொல்லியிருப்பான். சொன்னான்ல? பாத்தீங்களா.

கழட்டுக்கல்லுன்னா வேறொண்ணுமில்லீங்க. பெரிய வீதி ஆரம்பிக்கற எடத்துல ஒரு பலகைக்கல்லு கெடந்துச்சு. காலனிக்காரங்க பஸ்ஸுக்குப் போவோணும்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போவோணும்னாலும் வீதி வழியாத்தான் போவோணும். கல்லுகிட்ட வந்ததும் செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்குவாங்க. வீதி தாண்டுன பொறவு போட்டுக்குவாங்க. அவ்வளவுதான். அந்தக் காலத்துல அப்படி. ஒரு மரியாதை. கட்டாயப்படுத்துனாங்கன்னெல்லாம் எழுதாதீங்க, அவியளே கழட்டிக்குவாங்க.

கழட்டலீன்னாவா? கழட்டலீன்னா... அது எப்பவாச்சும் ஒருக்கா. டீச்சரோட தம்பி பட்டாளத்துல இருந்தான். லீவுல வந்தவன் பூட்ஸோட விறுவிறுன்னு வீதிக்குள்ள நடந்துட்டான். புளியமரத்துல கட்டி வெச்சாங்க. பூட்ஸக் கயிறு போட்டு அவன் கழுத்துலயே தொங்க உட்டு, சாயங்காலம் வரைக்கும். அடிக்கல, அதுவரைக்கும் நல்லது. அவன் அன்னிக்கே ரயிலேறிப் போனவன், ஊருப் பக்கம் திரும்பவேயில்ல. அதுக்கப்பறந்தான் அந்தம்மா கூட்டம் போடோணும்னு கெளம்புச்சு. பக்கத்தூருப் பள்ளிக்கோடத்துல டீச்சரு. தாசில்தார் வரைக்கும் போயி எழுதி வாங்கிட்டு வந்துருச்சு. கெட்டிக்காரி.

இப்ப நான் சொல்றத எழுதுங்க. மைக்கு எங்க இருந்துச்சோ, பேச்சு அங்க. மைக்கு மைதானத்துல இருந்துச்சு. நாந்தான் நட்டேன், என்ற கையால நட்டேன். கோர்ட்டுல வேண்ணாலும் கற்பூரம் அடிச்சுச் சொல்றேன், மைக்கு மைதானத்துலதான் இருந்துச்சு. இதுல ஒரு பொட்டுப் பொய்யில்ல. எழுதிட்டீங்களா? அப்ப கையெழுத்துப் போட்டுர்றேன், குடுங்க.

இன்னும் இருக்குதா. கேளுங்க.

எனக்கு ஆரு செட்டுப் போடச் சொன்னாங்களா? அது பெரிய வீட்டுக்காரரு, சென்னியப்பரு. இப்பப் போன் போட்டானே லோகு, அவனோட தாத்தன். நிக்கற எடமெல்லாம் அவரு எடம், நடக்கற வீதியெல்லாம் அவரு வீதின்னு இருந்த மனுசன். அப்ப எனக்கு வயசு இருவத்திரெண்டு. கடை கெடையாது. ஒரு சைக்கிளு, ஒரு ஆம்ளிஃபயரு, நாலு குழாய் ஸ்பீக்கரு, ஒரு லாரி பேட்டரி. பேட்டரிய மாரப்பன் தலையில வெச்சுத் தூக்கிட்டு வருவான்.

என்னையக் கூப்புட்டு உட்டாரு. "வையாபுரி, அவ கூட்டத்துக்கு நீயே செட்டப் போடு"ன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "நானுங்களா?"ன்னேன். "நீ போடலீன்னா ஈரோட்டுல இருந்து கொண்டாருவாளுக. வெளியூர்க்காரன் குழாய எந்தப் பக்கம் திருப்புவான்னு நமக்குத் தெரியாது. நீ போட்டா நாலு குழாயும் கெழக்க பாக்கும். காலனியப் பாத்து. ஒண்ணுகூட ஊரப் பாக்கப்படாது. அவிய பேசறத அவியளே கேட்டுக்கட்டும்"னாரு.

பெருந்தன்மையப் பாருங்க. கூட்டமே நடக்கப்படாதுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. குழாய மட்டுந்தான் பாத்துக்கச் சொன்னாரு. மைதானத்துக்கு மேக்க ஊரு, கெழக்க காலனி. நாலும் கெழக்க. கட்டிப்போட்டேன்.

சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். நானூறு சனம் வந்து உக்காந்துருச்சு. டீச்சர் வந்துச்சு. வெள்ளைச் சீலை, கால்ல தோல் செருப்பு. வந்ததும் மேடைக்குப் போவல. அண்ணாந்து குழாயப் பாத்துச்சு. நாலையும் ஒவ்வொண்ணாப் பாத்துச்சு. அதுவரைக்கும் ஆரும் குழாயப் பாத்ததில்லீங்க, சத்தத்தத்தான் கேப்பாங்க.

"தம்பி, நாலும் கெழக்கயே பாக்குதே?"ன்னு கேட்டுச்சு. என்னையப் பாத்து தம்பின்னுச்சு. மனசுக்குள்ள சுருக்குன்னுதான் இருந்துச்சு, ஆனா காட்டிக்கல. "காத்து மேக்க இருந்து வருதுங்க டீச்சர், அதனால"ன்னேன். அது சிரிச்சுச்சு. "கெழக்க இருக்கறவங்களுக்கு நான் பேசப்போறது பூராத் தெரியும் தம்பி. தெனமும் படறாங்க. தெரியாதது மேக்க இருக்கறவங்களுக்குத்தான். ஒரே ஒரு குழாய ஊர்ப்பக்கம் திருப்பி உடு, போதும்."

"மரை இறுகிப்போச்சுங்க"ன்னேன். "செரி, நான் பேச ஆரம்பிச்ச பொறவு மெதுவாத் திருப்பு"ன்னுட்டு மேடையேறிப் போயிருச்சு.

மறுக்கா அடிக்குது பாருங்க. இவனுக்கு என்ன அவசரம்? நேத்து வந்து உக்காந்து பேசிட்டுத்தான் போனான். "மைதானம்னு சொல்லிருங்க, அடுத்த வாரமே கடைய உங்க பேருக்கு எழுதிக் குடுத்தர்றேன். முக்குன்னு சொன்னீங்கன்னா இந்த மாசத்தோட காலி பண்ணிக்குங்க"ன்னான். எழுதிக் குடுக்கறேன்னா, ஆமா, கடை இன்னும் அவிய பேர்லதான் இருக்குது. பெரியவரு வாயால குடுத்தாரு, பத்திரம் கித்திரம் ஒண்ணும் கெடையாது. அவனச் சொல்லியும் குத்தமில்லீங்க. முக்குல நினைவிடம் வந்தா அவன் வீட்டு வாசல்ல வந்து நிக்கும். வீதிக்கே அந்தம்மா பேர வெச்சுருவாங்கன்னு பயப்படறான். இதையெல்லாம் ரெக்கார்டு பண்ணாதீங்க. பண்ணிட்டீங்களா? செரி உடுங்க.

எங்க உட்டேன்? ஆங், பேச ஆரம்பிச்சுருச்சு. நாலு வார்த்தை பேசியிருக்காது. நடுவால நிறுத்தி, மைக்குலயே, "மைக் செட் தம்பி, அந்தக் குழாய ஊர்ப்பக்கம் திருப்புங்க"ன்னு சொல்லிப்போட்டுச்சு. நானூறு தலையும் என்ற பக்கம் திரும்புச்சு. நான் மேக்க பாத்தேன். அங்க பெரிய வீட்டு ஆளு நின்னுட்டிருந்தான். தோள்ல கெடந்த துண்ட எடுத்து ஒதறுனான்.

அந்த நேரம் பாத்து பேட்டரி எறங்கிப்போச்சு.

எதுக்குச் சிரிக்கறீங்க? பேட்டரின்னா எறங்கத்தான் செய்யும். சார்ஜ் போட்டேனான்னா, போடாம கொண்டு போவேனா? முந்துன நாளு பூரா டவுன்ல போட்டுக் கொண்டாந்தேன். நல்ல பேட்டரி. அடுத்த நாளு பெரிய வீட்டுச் சீருக்கு அதே பேட்டரிதான் காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் பாடுச்சு.

அது எப்படின்னா... பேட்டரி சித்தெ ஓஞ்சு கெடந்தா தன்னால ஏறிக்கும் மேடம். தொழில் தெரிஞ்சவங்களுக்குத்தான் அது புரியும். அடுத்ததக் கேளுங்க.

மைக்கு செத்துப்போச்சு. டீச்சர் ரெண்டு தடவ தட்டிப் பாத்துச்சு. என்னையப் பாத்துச்சு. மேடைய உட்டு எறங்குச்சு. சனத்துக்கு நடுவால நடந்து மேக்க போச்சு. அப்படியே நானூறு பேரும் எந்திரிச்சுப் பின்னால போனாங்க. குழாய் திரும்பலீன்னதும் அந்தம்மாவே திரும்பிருச்சு. நான் என்ன பண்றது? ஒயரச் சுருட்டற சாக்குல நானும் பின்னாலயே போனேன். அங்க பெரிய வீட்டு ஆளுங்க பத்து பேரு தடியோட நிக்கறாங்க.

நேரா வீதி முக்குக்கு வந்துச்சு. கல்லு மேல ஏறுச்சு. செருப்போட. அதுக்கு முன்னால அந்தக் கல்லு மேல செருப்போட ஆரும் நின்னதில்ல. முதுகு சனத்துக்கு, மூஞ்சி ஊருக்கு. அப்படி நின்னு பேசுச்சு. தொண்டையிலதான் பேசுச்சு, கத்தல. பின்னால நிக்கற சனத்துக்கு எப்படிக் கேக்கும்? முன்னால நின்னவங்க ஒவ்வொரு வாக்கியமாத் திருப்பிச் சொன்னாங்க. அவங்களுக்குப் பின்னால இருந்தவங்க அதைக் கேட்டுத் திருப்பிச் சொன்னாங்க. அப்படியே வாய்வாயாக் கடைசி வரைக்கும் போச்சு. ஆரும் சொல்லிக் குடுக்கல. தானா நடந்துச்சு. மைக்கு இருந்திருந்தா ஒவ்வொரு வார்த்தையும் ஒருக்காத்தான் கேட்டிருக்கும். மைக்கு போனதால இருவது தடவ கேட்டுச்சு. இன்னிக்கிக் காலேஜுல பாடமா வெச்சிருக்காங்களாமா. ஒரு விதத்துல பாத்தா அதுக்கு நாந்தான் காரணம். இத ஏன் ஆரும் எழுத மாட்டேங்கறீங்க?

என்ன பேசுச்சா? அதெல்லாம் உங்ககிட்டயே இருக்குமே. நான் கேட்டதச் சொல்லோணுமா. சொல்றேன்.

"எங்கப்பன் இந்தக் கல்லுகிட்ட குனிஞ்சாரு. எங்கம்மா வயித்துல என்னைய வெச்சுக்கிட்டு, மூச்சு வாங்க, இந்தக் கல்லுகிட்ட குனிஞ்சா. பொறக்கறதுக்கு முன்னாலயே நான் இங்க குனிஞ்சிருக்கேன். குனிஞ்சு குனிஞ்சு நமக்குப் பழகிப்போச்சு. நம்ம பழக்கத்துக்கு அவங்க மரியாதைன்னு பேரு வெச்சுட்டாங்க."

மரியாதைன்னு... ஆமா, நானுந்தான் சொன்னேன், இப்பத்தான். அது பேச்சு வழக்குங்க. உடுங்க.

"இன்னிக்கி ஆரும் கல்லெடுக்க வேண்டாம். கத்த வேண்டாம். ஆரையும் திட்ட வேண்டாம். வீட்டுக்குப் போற மாதிரி நடந்து போவோம். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு." அப்படிச் சொல்லி நிறுத்துச்சு. வலது கால முன்னால எடுத்து வெச்சுச்சு. வெச்சுட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்லுச்சு பாருங்க. "கழட்டாதீங்க."

அம்மம்மா. கழட்டாதீங்க, கழட்டாதீங்கன்னு அந்த வார்த்தை வாய்வாயாப் போவுது. என்ற வலது பக்கம் மாரப்பன் நிக்கறான், அவன் சொல்றான். இடது பக்கம் ஒரு கெழவர், அவரு சொல்றாரு. நடுவால நான். நான் சொல்லல. நான் எதுக்குச் சொல்லோணும், நான் செட்டுக் கட்ட வந்தவன். ஆனா அந்தக் காலு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குதுங்க மேடம். வலது காலு, இதா, இப்ப உங்க பூட்ஸு இருக்குதே, அந்த மூலையில, சிமிட்டி பூசியிருக்கற எடத்துக்கு ஒரு வெரக்கடை இக்கட்ட...

கீழ எதுக்கு மேடம் பாக்கறீங்க?

இல்லீங்க. அது வேற கல்லு. நான் சும்மா ஒரு அடையாளத்துக்குச் சொன்னேன். குனிஞ்சு தேய்க்காதீங்க, கையெல்லாம் மண்ணாயிரும். சிமிட்டியப் பேர்த்துராதீங்க! கால் தடுக்குதுன்னு நாந்தான் பூசுனேன், எழுவதுல பூசுனது. உள்ள ஒண்ணுமில்ல. மூளி எல்லாக் கல்லுலயுந்தான் இருக்கும்.

அதை ரெக்கார்டுல இருந்து அழிச்சுருங்க. கடைசியாச் சொன்னத மட்டும். மைக்கு மைதானத்துல இருந்துச்சுன்னு சொன்னேன் பாருங்க, அதை வெச்சுக்குங்க. அது நெசம்.

அழிக்க மாட்டீங்களா? அழிக்க முடியாதா.

நான் சித்தெ உக்காந்துக்கறேன்.

அன்னிக்கி என்ன ஆச்சுன்னா, நடந்தாங்க. அவ்வளவுதான். நானூறு பேரும் செருப்போட நடந்தாங்க. செருப்பே இல்லாதவங்க சில பேரு அடுத்தவங்க செருப்புல ஒத்தைய வாங்கி மாட்டிட்டு நொண்டிக்கிட்டே நடந்தாங்க. தடி புடிச்சவங்க தள்ளி நின்னுட்டாங்க. எத்தனையோ குழாய் கட்டிட்டேன் மேடம், எத்தனையோ சத்தம் கேட்டுட்டேன். அந்த வீதியில அன்னிக்கிக் கேட்ட செருப்புச் சத்தம் மாதிரி ஒண்ணு கேக்கல.

அடுத்த மாசம் பெரியவரு என்னையக் கூப்புட்டு, "உனக்குக் கடை ஒண்ணு வேணுமேடா"ன்னாரு. இந்த எடத்தக் காட்டுனாரு. "அந்தக் கல்லு நடு வழியில கெடக்குது, உன்ற கடைக்குப் படியாப் போட்டுக்க"ன்னாரு. என்னமோ பிரியத்துலதான் குடுக்கறாருன்னு நெனச்சேன். ஆமா மேடம், அப்படித்தான் நெனச்சேன். அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன். கடப்பாறை போட்டு நாலு பேரு நெம்பி, அது கெடந்த எடத்துல இருந்து ஒரு அடி தள்ளி, இந்த வாசல்ல வெச்சோம். அன்னியில இருந்து வர்றவங்க பூராவும் அதுலதான் கழட்டறாங்க. தூசிக்காகத்தான் சொல்றேன். சத்தியமாத் தூசிக்காகத்தான்... ஆரம்பத்துல.

மாரப்பனும் கழட்டுவான். வருசா வருசம் காலனிப் பொங்கலுக்குச் செட்டுச் சொல்ல அவந்தான் வருவான். இந்தக் கல்லுகிட்ட வந்து நிப்பான். கல்லப் பாப்பான், என்னையப் பாப்பான். குனிஞ்சு கழட்டிட்டு உள்ள வருவான். இது எந்தக் கல்லுன்னு அவனுக்குத் தெரியும். ஒரு தடவகூட வாயத் தொறந்து சொன்னதில்ல. நேத்து உங்ககிட்ட, கல்லு எங்கன்னு கேட்டதுக்கு என்ன சொன்னான்? எழுதியிருக்கீங்களே, படிங்க.

"அத வையாபுரியண்ணன் சொல்லுவாரு"ன்னா சொன்னான்?

அவன் இன்னொண்ணும் சொல்லல, பாத்தீங்களா. அதையும் நானே சொல்லோணும்னு உட்டுட்டான். பேட்டரி எறங்கல மேடம். துண்டு ஒதறுனதும் கிளிப்ப நாந்தான் கழட்டுனேன். மாரப்பன் பக்கத்துல குத்த வெச்சு உக்காந்திருந்தான். என்ற கையப் பாத்தான். பேட்டரியத் தலையில சொமந்து கொண்டாந்தவனே அவந்தான், அது எறங்குச்சா எறங்கலையான்னு அவனுக்குத் தெரியாதா? கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னைய அன்னிக்கே பிச்சுப் போட்டிருப்பாங்க. சொல்லல. திரும்பிப் போறப்ப அதே பேட்டரிய அவந்தான் தூக்கிட்டு வந்தான். வந்து எறக்கி வெச்சுட்டு, "கனமாத்தான்ணா இருக்குது"ன்னு மட்டும் சொன்னான்.

போனு. குடுங்க, நானே எடுக்கறேன்.

லோகு. ஆமா, இங்கதான் நிக்கறாங்க. ஆமா. இல்ல லோகு, முக்குன்னு சொல்லிட்டேன். கல்லையும் காட்டிட்டேன். ஆமாடா, தெரிஞ்சுதான் சொன்னேன். சாவிய மாசக் கடைசியில கொண்டாந்து குடுத்தர்றேன். கத்தாத, எனக்குக் காது நல்லாக் கேக்கும். வெச்சுர்றேன்.

கனகராசுகிட்ட எப்படிச் சொல்லப் போறேன்னுதான் தெரியல. வாடகைக்கு எங்காச்சும் பாத்துக்கோணும். அவன் திட்டுவான், திட்டட்டும்.

ஒண்ணே ஒண்ணு எழுதிக்குங்க மேடம். இத உங்க பெரிய ஆபீசர்கிட்டச் சொல்லோணும். இங்க நினைவிடம் தொறக்கற அன்னிக்கி டெல்லியில இருந்தோ மெட்ராஸ்ல இருந்தோ செட்டுக் கொண்டாந்துராதீங்க. நம்ம செட்டுதான் கட்டோணும். பையன் கட்டுவான், நான் கூட நின்னு சொல்லிக் குடுக்கறேன். எல்லாக் குழாயும் கெழக்க பாத்தாப் பரவால்ல. ஒரே ஒரு குழாய் மட்டும் மேக்க. அந்தம்மா கேட்டுச்சு. மரை இறுகிப்போச்சுன்னு சொல்லிப்போட்டேன்.

கையெழுத்துக்கு உள்ள மேசை மேலதான் வெக்கோணும், வாங்க. மாரப்பனையும் கூப்புடுங்க, சாட்சிக் கையெழுத்துக்கு. அடேய் மாரப்பா, இங்க வாடா! ... வாப்பா. வாங்க. அவன் வர்றான் பாருங்க, தடிய ஊணி, மெதுவா.

அட, நீங்க எதுக்கு மேடம் குனிஞ்சு கயிறு அவுக்கறீங்க? தூசி போனாப் போவுது. மாரப்பா, நீயுந்தான், நில்லு, குனியாத.

கழட்டாதீங்க.